காற்று மாறும் வரை

கடலில் ஒரு படகுக்கு மிக ஆபத்தான பொருள் காலண்டர் என்று பாய்மரப் படகோட்டிகள் சொல்வதுண்டு. 'இத்தனாம் தேதிக்குள் அந்தத் துறைமுகத்தில் இருந்தாக வேண்டும்' என்று முடிவு கட்டிவிட்டவர்தான் தப்பான நாளில் நங்கூரத்தைத் தூக்குவார். விஷயம் தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள். கிழிந்த பாயைத் தைப்பார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்புவார்கள். அதற்குப் பிறகும் காற்று அடங்கவில்லையா, ஒரு ஆட்டோவைப் பிடித்து ஊர் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். கொச்சியின் சீன வலைகளுக்கும் காலியின் டச்சுக் கோட்டைக்கும் முன்னால் கேமராவுடன் நிற்கும் வெளிநாட்டவரில் இப்படிக் காற்றுக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு.

இந்த வகையறாவுக்கு ஒரு முன்னோர் இருக்கிறார். மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-ல் பிறந்து, 21 வயதில் மெக்காவுக்கு என்று வீட்டை விட்டுக் கிளம்பி, ஏறக்குறைய 30 வருடம் ஊர் சுற்றிய இபின் பதூதா. இந்தியக் கடல்களில் காற்று அவரை இரண்டு முறை கரையில் நிறுத்தியது. முதல் தடவை கோழிக்கோட்டில் மூன்று மாதம். அடுத்த தடவை இலங்கையின் புத்தளத்தில், கொஞ்சமும் எதிர்பாராமல். கோழிக்கோட்டில் முறைப்படி காத்திருந்தார். முடிவில் எல்லாவற்றையும் இழந்தார். புத்தளத்தில் உயிருக்குப் பயந்து இறங்கினார். வாழ்நாள் கனவு ஒன்று நிறைவேறியது.

துக்ளக்கின் தூதர்

டில்லியில் முகமது பின் துக்ளக்கிடம் நீதிபதியாக இருந்தவர் இபின் பதூதா. சம்பளம் தாராளம். ஆனால் காலையில் பரிசு கொடுத்தவனை மாலையில் கொன்றுவிடக்கூடிய எஜமானர். சுல்தானுக்குப் பிடிக்காத ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்த குற்றத்துக்காக இபின் பதூதாவும் சில நாள் காவலில் வைக்கப்பட்டார். உயிர் தப்பியதே பெரிது என்று உடைமைகளைத் துறந்து துறவிக் கோலத்தில் இருந்தவரைத் திரும்ப அழைத்து, சீனச் சக்கரவர்த்திக்குத் தூதராகப் போகச் சொன்னார் சுல்தான். டில்லியை விட்டு வெளியேற இதைவிட நல்ல வழி கிடைக்காது. அவர் சொல்லும் கணக்குப்படி 1342-ல் புறப்பாடு.

கூடவே போன பரிசுப் பட்டியல் நீளமானது: 100 உயர்ஜாதிக் குதிரைகள், 100 அடிமைகள், பாடவும் ஆடவும் தெரிந்த 100 பெண்கள், பட்டும் பொன்னும் வாளும் உறையும். சீனாவிலிருந்து வந்திருந்த தூதர்களும் உடன் திரும்பினார்கள். குஜராத் வரை தரைவழி. அங்கே கப்பலேறி, கோவா, ஹொன்னாவர், மங்களூர் என்று கரையை ஒட்டியே இறங்கி, கோழிக்கோடு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே நின்றாக வேண்டும். ஏனென்றால், அந்தக் காலத்தில் இந்தியப் பெருங்கடலுக்குக் காற்றுதான் டைம்டேபிள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து அடிக்கும். அடிக்கிற திசையில் போகலாம், எதிர்த்துப் போக முடியாது. 'மான்சூன்' என்ற வார்த்தையே பருவம் என்று பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அராபியாவிலிருந்து ஒரு காற்றில் வந்தவர்கள் சீனாவுக்குப் போக இன்னொரு காற்றுக்காக மலபாரில் காத்திருந்தார்கள். சீனாவிலிருந்து வந்தவர்களும் அப்படியே. கோழிக்கோட்டின் செல்வமெல்லாம் மிளகிலிருந்து வந்தது என்பார்கள். பாதி உண்மை. சரக்குடன் வந்தவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்ததும் ஒரு காரணம்.

13 கப்பல்கள்

சாமூதிரியின் விருந்தாளியாக மூன்று மாதம். தாளம் தட்டி, கொம்பு ஊதி வரவேற்று, தூதுக்குழுவில் ஒவ்வொருவருக்கும் வீடு கொடுத்திருந்தார்கள். வேலை எதுவும் இல்லை. கடலைப் பார்க்கலாம், கடைத்தெருவைப் பார்க்கலாம், கப்பல்களைப் பார்க்கலாம். இபின் பதூதா எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அவர் சொன்ன தகவல்கள் இன்றைக்கும் வரலாற்று ஆசிரியர்களுக்குச் சோறு போடுகின்றன.

அப்போது துறையில் 13 சீனக் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. பெரிய ரகத்துக்கு 'ஜங்க்' என்று பெயர். மூன்றிலிருந்து பன்னிரண்டு பாய் வரை இருக்கும். துணிப் பாய் கிடையாது, மூங்கில் பிளாச்சுகளைப் பாய் முடைவதுபோல் முடைந்தது. அவற்றை இறக்குவதே இல்லை, காற்றுக்கு ஏற்பத் திருப்பி வைப்பார்கள். ஒரு ஜங்க்கில் ஆயிரம் பேர்: 600 மாலுமிகள், 400 வீரர்கள். நான்கு தளங்கள். வியாபாரிகளுக்குக் கழிப்பறையோடு கூடிய தனி அறைகள். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளலாம். மாலுமிகளின் குடும்பங்களும் கப்பலிலேயே வசித்தன. மரத் தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிரிட்டார்கள்.

மலபாரின் சாலைகளையும் கவனித்தார். அரை மைலுக்கு ஒரு மரச் சத்திரம், பக்கத்தில் கிணறு, தண்ணீர் இறைத்துக் கொடுக்க ஓர் ஆள். இந்து வழிப்போக்கருக்குப் பாத்திரத்தில் கொடுப்பார். முஸ்லிம் என்றால் கையில் ஊற்றுவார். வீட்டுக்குள் விடமாட்டார்கள், சமைத்துக் கொடுக்க மறுக்கவும் மாட்டார்கள், வாழை இலையில் பரிமாறுவார்கள். மனத்தாங்கல் இல்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு நகர்கிறார்.

கோழிக்கோட்டில் அவர் வியந்த வழக்கம் ஒன்று உண்டு. மலபாரின் மற்றத் துறைமுகங்களில் ஒரு கப்பல் உடைந்தால் கரை ஒதுங்கும் சரக்கு அரசாங்கத்துக்கு. கோழிக்கோட்டில் மட்டும் அது உடைமைக்காரருக்கே. அதனால்தான் இந்த ஊர் செழிக்கிறது என்று எழுத வைத்தார். அந்தச் சட்டம் அமலாவதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை

காற்று மாறியது. சாமூதிரி ஒரு ஜங்க்கைத் தூதுக்குழுவுக்கு ஏற்பாடு செய்தார். அப்போதுதான் சிக்கல் தொடங்கியது. இன்றைய சுற்றுலாப் பயணிகளுக்குப் பழக்கமான சிக்கல். கழிப்பறையுள்ள நல்ல அறைகளையெல்லாம் சீன வியாபாரிகள் போகவரச் சேர்த்தே புக் செய்துவிட்டார்கள். தூதருக்குக் கிடைத்தது, கழிப்பறை இல்லாத சிறிய அறை. வியாழக்கிழமை சாமான்கள் ஏறின. வெள்ளிக்கிழமை காலை, அறை போதவில்லை என்று வேலைக்காரன் வந்து சொல்ல, தன் சாமான்களையும் ஆட்களையும் அடிமைப் பெண்களையும் 'ககம்' என்ற சிறிய ரகக் கப்பலுக்கு மாற்றச் சொன்னார். சுல்தானின் பரிசுகளும் சக தூதர்களும் ஜங்க்கில். அவர் மட்டும் ஜும்மா தொழுகைக்காகக் கரையில் தங்கினார்.

கோழிக்கோட்டுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில்தான் கப்பல்கள் நிற்க வேண்டும். தினமும் பிற்பகலுக்கு மேல் கடல் கொந்தளிக்கும். அதற்குப் பிறகு யாரும் கப்பலேற முடியாது. அன்று கொந்தளிப்பு அடங்கவில்லை. சனிக்கிழமை பார்த்தால் கப்பல்கள் கரையிலிருந்து விலகிப் போயிருந்தன. பந்தலாயனி போகவிருந்த இன்னொரு ஜங்க் கரையில் மோதி உடைந்தது. அதில் வந்த ஒரு வியாபாரி, கட்டையைப் பிடித்துக்கொண்டு தத்தளித்த தன் அடிமைப் பெண்ணைக் காப்பாற்றுபவருக்குப் பத்து தினார் தருவதாகக் கத்தினார். ஹோர்முஸைச் சேர்ந்த ஒரு மாலுமி நீந்திப்போய் அவளைக் கொண்டுவந்தான். ஆண்டவனுக்காகச் செய்தேன் என்று சொல்லி, பணத்தை வாங்க மறுத்துவிட்டான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

அன்றிரவு பரிசுக் கப்பலும் உடைந்தது. அதிலிருந்த அனைவரும் இறந்தார்கள். காலையில் கரையில் கிடந்த சடலங்களில் தன்னுடன் டில்லியிலிருந்து வந்த இரண்டு சகாக்களை இபின் பதூதா அடையாளம் கண்டார். ஒருவரின் மண்டை பிளந்திருந்தது. இன்னொருவரின் நெற்றிப்பொட்டில் ஆணி ஏறியிருந்தது. சாமூதிரி கரைக்கு வந்திருந்தார்: இடுப்பிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத்துணி, சிறு தலைப்பாகை, வெறுங்கால்; தலைக்கு மேல் குடை, எதிரில் நெருப்பு. ஒதுங்கிய பொருளை யாரும் அள்ளிப்போகாமல் காவலர்கள் கூட்டத்தை அடித்து விரட்டினார்கள். சட்டம் சட்டம்தான். ஆனால் கேட்டு வாங்க உடைமைக்காரர் யாரும் மிஞ்சவில்லை.

நடந்ததைக் கடலிலிருந்து பார்த்த ககம் கப்பல்காரர்கள் பாயை விரித்துக் கிளம்பிவிட்டார்கள். அதில்தான் இபின் பதூதாவின் சாமான்கள், ஆட்கள், அவருடைய குழந்தையைச் சுமந்திருந்த ஓர் அடிமைப் பெண் எல்லாம். கரையில் அவரிடம் மிஞ்சியது பத்து தினாரும் படுத்திருந்த கம்பளமும். கப்பல் கொல்லத்தில் நிற்கும் என்று யாரோ சொல்ல, ஆறும் தரையுமாகப் பத்து நாள் பயணம் செய்து அங்கே போய்ப் பார்த்தார். கப்பல் வரவில்லை. கூட வந்த சீனத் தூதர்கள்தான் இருந்தார்கள். அவர்கள் கப்பலும் உடைந்து, கொல்லத்துச் சீன வியாபாரிகள் கொடுத்த துணியை உடுத்தியிருந்தார்கள்.

பிறகு நெடுநாள் கழித்துச் சேதி வந்தது. அந்தப் பெண் இறந்துவிட்டாள். மற்றவர்கள் சுமத்ராவிலும் சீனாவிலும் வங்காளத்திலும் சிதறிப்போனார்கள். பெண்ணைப் பற்றி அவர் சொல்வது ஒரே ஒரு வரி. அவள் நினைவு தன்னை வாட்டியது என்பது அதில் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. அவளைக் கப்பல் மாற்றியது அறை போதாது என்ற காரணம். அவரைக் காப்பாற்றியது ஒரு தொழுகை. காற்றுக்காக மூன்று மாதம் காத்திருந்த கூட்டம், இன்னும் ஒரு நாள் காத்திருந்தால் பிழைத்திருக்கும்.

திசை தவறிய ஒன்பது நாள்

டில்லிக்குத் திரும்ப முடியாது. பரிசுகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நீ மட்டும் ஏன் உயிரோடு வந்தாய் என்று துக்ளக் கேட்டால் என்ன பதில்? அங்குமிங்கும் அலைந்து மாலத்தீவுக்குப் போனார். ராணி கதீஜாவின் ஆட்சி. வந்தவர் படித்தவர் என்றதும் காஜியாக உட்கார வைத்துவிட்டார்கள். இடுப்புக்கு மேல் உடுத்தும் வழக்கம் இல்லாத அந்த ஊர்ப் பெண்களை உடுத்த வைக்க அவர் போட்ட உத்தரவு பலிக்கவில்லை. அரண்மனை அரசியலில் சிக்கி, 1344 ஆகஸ்டில் அங்கிருந்தும் கிளம்பினார். இலக்கு தமிழகம், அராபியர் மொழியில் 'மாபார்'. மதுரை சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை; முந்தைய சுல்தான் ஜலாலுதீன் அஹ்சன் ஷாவின் மகள்களில் ஒருத்தியை இவரும் இன்னொருத்தியை அவரும் மணந்திருந்தார்கள்.

மூன்று நாள் பயணம். ஆனால் கப்பலில் தேர்ந்த மாலுமி இல்லை. ஒன்பதாம் நாள் கண்ணுக்குத் தெரிந்தது தமிழகக் கரை அல்ல. வானத்தில் புகைத்தூண் மாதிரி எழுந்து நின்றது ஒரு மலை. இலங்கை! இறங்கவும் மாலுமிகளுக்குப் பயம். அந்தக் கரை ஆரியச் சக்கரவர்த்தியுடையது. அவர் கொள்ளைக் கப்பல்கள் வைத்திருப்பவர் என்றார்கள். ஆரியச் சக்கரவர்த்தி என்பது யாழ்ப்பாணத் தமிழ் மன்னர்களின் பட்டப்பெயர். முத்துச் சலாபமும் லவங்கப்பட்டை வியாபாரமும் அவர்கள் கையில் இருந்தன.

காற்று வலுத்தது. நின்றால் மூழ்க வேண்டும், இறங்கினால் கொள்ளை போக வேண்டும். கோழிக்கோட்டுக் கரையில் நின்று கப்பல் உடைவதைப் பார்த்த மனிதர் இந்தத் தடவை தயங்கவில்லை. 'என்னை முதலில் இறக்கிவிடு, பாதுகாப்புக்கு வாக்குறுதி வாங்கி வருகிறேன்' என்று கேப்டனிடம் சொன்னார். கரையில் கேட்டவர்களிடம், தான் மதுரை சுல்தானின் சகலை என்றும், அவரைப் பார்க்கப் போவதாகவும், கப்பலில் இருப்பது அவருக்கான பரிசு என்றும் சொன்னார். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. கதவு திறந்தது.

மன்னர் இருந்தது புத்தளத்தில். மரச்சுவரும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சின்ன ஊர். காட்டாறுகள் அடித்துக்கொண்டு வந்த லவங்க மரங்கள் கடற்கரையில் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. மன்னருக்குப் பாரசீகம் புரிந்தது. வந்தவர் சொன்ன தேசங்களின் கதைகளும் பிடித்துப்போயின. மூன்று நாள் உபசாரம். முத்துக்களை அள்ளிக் கொடுத்துவிட்டு, வேறு என்ன வேண்டும், வெட்கப்படாமல் கேளுங்கள் என்றார். இபின் பதூதா பொன்னைக் கேட்கவில்லை. இந்தத் தீவுக்கு வந்தபின் எனக்கு ஒரே ஆசைதான், பாதமலையைப் பார்க்க வேண்டும் என்றார்.

நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள்

இலங்கையின் 2,243 மீட்டர் உயர மலை அது. உச்சிப் பாறையில் ஒரு பெரிய பாதச் சுவடு. முஸ்லிம்களுக்கு அது சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதமின் பாதம். பௌத்தர்களுக்குப் புத்தரின் ஸ்ரீபாதம். சைவர்களுக்குச் சிவனொளிபாதம். எல்லாருக்கும் ஒரே சுவடு, ஒரே பாதை.

மன்னர் செய்த ஏற்பாடு இது: பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும், வருடா வருடம் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நான்கு பேர், பிராமணர்கள் மூன்று பேர், தன் ஆட்கள் பத்துப் பேர், சாமான் தூக்கப் பதினைந்து பேர். சைவ மன்னர் ஒருவர், முஸ்லிம் பயணி ஒருவரை, யோகிகளையும் பிராமணர்களையும் வழித்துணையாகக் கொடுத்து, சிங்கள மன்னரின் நாட்டின் வழியாக, பௌத்தர்கள் வணங்கும் மலைக்கு அனுப்பி வைக்கிறார். யாருக்கும் இதில் விசேஷம் எதுவும் தெரிந்ததாகக் குறிப்பில்லை.

மூங்கில் தெப்பத்தில் ஆற்றைக் கடந்து, சிலாபம் வழியாக, யானைக் காடுகளில் நடந்தார்கள். சிங்கள மன்னரின் தலைநகரைக் கண்டார். மாணிக்கக் கற்கள் விளையும் பூமி. பெண்கள் அவற்றை மாலையாகக் கோத்து அணிந்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் முஸ்லிம் பக்கீர்களை வீட்டுக்குள் தங்க வைக்கிறார்கள், சேர்ந்து உண்கிறார்கள் என்று இபின் பதூதா குறித்துக்கொண்டார். மலபாரில் தண்ணீர் கையில் ஊற்றப்பட்டது நினைவில் இருந்திருக்க வேண்டும். இந்தியாவைப் போல இல்லை என்று ஒப்பிட்டும் சொல்கிறார்.

இப்போது இந்த மலைக்கு யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரை. இபின் பதூதா போனது மழை ஓயாத பருவத்தில். எனவே அட்டைகள். மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் தாவி ஒட்டிக்கொள்ளும் அவற்றின் மேல் எலுமிச்சை பிழிந்தால் விழுந்துவிடும். கையில் எலுமிச்சையும், சுரண்டி எடுக்க மரக் கத்தியும் வைத்துக்கொண்டு ஏறுவது வழக்கம். மலைக்கு இரண்டு பாதைகள்; ஒன்று 'பாபா', இன்னொன்று 'மாமா'; அதாவது ஆதம், ஏவாள். மாமா பாதை சுலபம், இறங்குவதற்கு. அதில் ஏறிப் போனவரை யாத்திரிகர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பாபா பாதை செங்குத்து. பாறையில் பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கிருந்து கீழே பார்த்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமா சொல்லும்.

உச்சியிலிருந்து பார்த்தபோது மேகம் காலுக்குக் கீழே இருந்தது. பாதம் பதினோரு சாண் நீளம். கட்டைவிரல் பகுதியைச் சீனர்கள் எப்போதோ வெட்டிக்கொண்டு போய்த் தங்கள் நாட்டுக் கோயில் ஒன்றில் வைத்துவிட்டார்களாம். பாறையில் ஒன்பது குழிகள். யாத்திரிகர்கள் அதில் பொன்னும் முத்தும் போடுவார்கள், முதலில் எட்டும் பக்கீர்கள் எடுத்துக்கொள்வார்கள். குகை ஒன்றில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பது முறை. அவரும் அப்படியே செய்தார்.

திரும்பும்போது தீவின் தெற்கு முனைக்கும் போனார். தேவந்துறையில் ஒரு மாபெரும் கோயில். ஆள் உயரப் பொன் விக்கிரகம், இரவில் விளக்குப் போல ஒளிரும் மாணிக்கக் கண்கள். ஆயிரம் பிராமணர்களும் யோகிகளும், 500 நடனப் பெண்களும் அங்கே இருப்பதாகச் சொல்கிறார். மிகைப்படுத்தல் இருக்கலாம், கோயில் கற்பனை அல்ல. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நிறுத்திய, 1409-ம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டு காலியில் 1911-ல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி, தென்னாவர நாயனாருக்குச் சீனச் சக்கரவர்த்தி அளித்த காணிக்கைகளின் பட்டியல். இப்போது அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயில் 1588-ல் போர்த்துகீசியரால் தகர்க்கப்பட்டது.

காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினால், கப்பல் காத்திருந்தது. கேப்டன் இப்ராஹிம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

திரும்பவும் கோழிக்கோடு

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கடல் அப்படி விடுவதில்லை. தமிழகக் கரையை நெருங்கும்போது மறுபடி புயல். கப்பல் தரைதட்டியது, பாய்மரத்தை வெட்டித் தள்ளினார்கள், மாலுமிகள் தெப்பம் கட்டினார்கள். தெப்பத்தில் இடம் கொஞ்சம். இரண்டு தோழர்களையும் தன் பிரியத்துக்குரிய பெண்ணையும் அதில் இறங்கச் சொன்னார். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், தெப்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றாள் இன்னொருத்தி. முத்தும் மாணிக்கமும் தெப்பத்தில் போயின. அவர் மட்டும் உடைந்த கப்பலின் பின்பகுதியில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். கோழிக்கோட்டில் மற்றவர்களைக் கப்பலேற்றிவிட்டுக் கரையில் நின்றவர், இங்கே மற்றவர்களைக் கரைக்கு அனுப்பிவிட்டுக் கப்பலில் நின்றார். விடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் படகில் வந்து மீட்டார்கள்.

மதுரையில் சகலை நன்றாகத்தான் வரவேற்றார். ஆனால் கிராமத்து ஜனங்களையும் பெண்களையும் குழந்தைகளையும்கூட அவர் சித்திரவதை செய்து கொன்றதைப் பார்த்த இபின் பதூதா, இது அருவருப்பானது என்றே பதிவு செய்தார். ஊரில் கொள்ளை நோய் வேறு; சுல்தானும் அந்தச் சமயத்தில் இறந்துபோனார். மறுபடி கடல். மேற்குக் கரையில் ஹொன்னாவர் பக்கம் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த முத்து, மாணிக்கம், துணிமணி, வழிச் சாப்பாடு வரை எல்லாம் போயிற்று. கட்டியிருந்த கால்சட்டை மட்டும் மிச்சம்.

அதோடு அவர் போய்ச் சேர்ந்த ஊர் கோழிக்கோடு. அதே கடற்கரை. மசூதிக்குள் போய் உட்கார்ந்தார். ஒரு மார்க்க அறிஞர் அங்கி ஒன்றை அனுப்பினார், காஜி தலைப்பாகை அனுப்பினார், ஒரு வியாபாரி இன்னொரு அங்கி கொடுத்தார். காற்றுக்காகக் காத்திருப்பவர்களைக் கொண்டு வாழும் ஊருக்கு, கடலில் எல்லாம் இழந்து வருகிறவரை எப்படி நடத்துவது என்று தெரிந்திருந்தது. பிற்பாடு வங்காளம் போய், அங்கிருந்து சீனாவுக்கும் போய்ச் சேர்ந்தார்.

கடைசியில் ஊர் திரும்பியபோது, மொராக்கோ சுல்தானின் கட்டளைப்படி தன் பயணங்களை இபின் ஜுசய் என்ற எழுத்தரிடம் சொல்லச் சொல்ல, 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய சமாச்சாரங்கள் அதில் சின்னச் சின்ன விவரத்தோடு இருக்கின்றன. தேதிகளில் குழப்பம் உண்டு, சில இடங்களுக்கு அவர் போயே இருக்கமாட்டார் என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஆனால் பாதமலையின் பத்தாவது சங்கிலியும், கோழிக்கோட்டுக் கரையில் சாமூதிரியின் வெறுங்காலும், பணம் வாங்க மறுத்த ஹோர்முஸ் மாலுமியும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறார்கள். முத்துக்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

அவர் பட்ட பாட்டைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. காற்று சரியில்லாத நாளில் கப்பலேறி அவர் எதையும் சம்பாதித்ததில்லை. கரையில் இறங்கி ஊர் பார்த்த நாட்களில் எதையும் இழந்ததில்லை. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரில் கையால் கட்டப்படும் உருக்களுக்குப் பின்னால் ஜூன் மாதத்துக் கடல் இன்றும் அதே இரைச்சலுடன்தான் இருக்கிறது. பாயோடு எஞ்சின் வந்துவிட்டது, வானிலை அறிக்கை செல்போனில் வருகிறது. அறிக்கை மோசமாக இருந்தால் செய்ய வேண்டியது மட்டும் 1344-லிருந்து மாறவில்லை: நங்கூரத்தை எடுக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குள் போக வேண்டும்.